பழைய பொதிகளின் விதி

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட வீடெடுத்தவர்கள் கணினி வைத்திருந்தால் மாதத்துக்கு ஒருதரமாவது அதன் பக்கமூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று முதலில் திருகாணிகளைத் தின்னும், பிறகு உள்ளே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. நான் பழைய பல் தூரிகை ஒன்றால் துடைப்பேன். அந்த வேலையை ஒருநாளும் பிந்தவிட்டதில்லை. அந்தக் காலத்தில் என்னோடு வேலை செய்தவர்களில் மிஞ்சியிருக்கிற யாரைக் கேட்டாலும் நேசமலர் பொறுப்பான ஆள் என்றுதான் சொல்வார்கள்.

போன மாதம் அம்மா காலமானார். ஆகவே இதை எழுதுவதால் இனி யாருக்கும் கேடில்லை.

காணாமற்போனவர்களுக்கான குழு ஒன்று கொட்டாஞ்சேனையில் இருந்தது. ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. 2006 கடைசியில் தொடங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், புருசனைப் பறிகொடுத்தவர்கள் சனிக்கிழமைகளில் வருவார்கள். அவர்கள் சொல்வதை எழுதிக் கையொப்பம் வாங்கி, ஸ்கேன் பண்ணிக் கணினியில் ஏற்றுவோம். பிறகு தாளை எரித்துவிடுவோம். அது குழுவின் முடிவு. தாள் அகப்பட்டால் சாட்சி சொன்னவரும் அகப்படுவார். எரிப்பதும் என் வேலைதான். மொட்டைமாடியில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு, சாம்பலைக் கரண்டியால் கிளறிவிட்டுத்தான் இறங்குவேன்.

அந்தப் பதிவுகளைத் தேடுவதற்கு ஒரு சுட்டித் தொகுதி செய்திருந்தோம். பெயர், தேதி, இடம், வந்த வாகனத்தின் நிறம் என்று எதைக் கொடுத்தாலும் பொருந்துகிற பதிவுகளை அது எடுத்துத் தரும். ஐம்பது பதிவு சேர்ந்ததும் ஒரு பொதியாகக் கட்டி அது தானே பூட்டிக்கொள்ளும். பூட்டிய பொதியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். நாளைக்கு ஒரு நீதிமன்றம் கேட்டால் கைபடாதது என்று காட்டவேண்டும் என்பதற்காக யேசுரட்ணம் அண்ணை அப்படி அமைத்தார்.

யேசுரட்ணம் அண்ணை கணக்குப் படிப்பித்த ஆசிரியர். இளவாலைக்காரர். ஓய்வெடுக்கிற வயதில் கணினியைத் தானே படித்தவர். அவருடைய மனைவி பிறிஜெற் அக்கா மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "முப்பது வருசத்தில இந்த மனுசன் என்னை ஒருநாள் தேடினதில்லை. ஊராரைப் பெட்டிக்குள்ள தேடுது" என்பார். அண்ணை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீர் காணாமப் போனாத்தானே அப்பா தேட" என்பார். பொதிகளின் கடவுச்சொல் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். குழுவில் வேறு யாருக்கும் தெரியாது.

நான் அங்கே போனது என் தம்பிக்காக. அவன் பெயர் சிவானந்தன். 2006 ஆவணியில் வெள்ளவத்தையில் வீதியில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எண்பத்தைந்து நாளில் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் நிறையச் சாப்பிட்டான், நிறைய நித்திரை கொண்டான். ஒரேயொரு மாற்றம்தான். அதற்குப் பிறகு அவன் எதற்கும் தலையை அசைக்கவில்லை. தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் "ஓம்" என்று வாயால் சொல்வான். கழுத்து அசையாது. 2007 மாசியில் திரும்பவும் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு விடவில்லை.

அம்மா ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வருவார். மற்றத் தாய்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். "அழாதேங்கோ, என்ர பிள்ளை ஒருக்காத் திரும்பி வந்தவன். உங்கட பிள்ளையும் வரும்" என்பார். அப்படிச் சொல்லக்கூடிய தாய் அங்கே அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. சுவரோரம் இருந்த நீள வாங்கில் முதல் இடம் அம்மாவுக்கு.

ஜிந்துப்பிட்டியிலிருந்து பாக்கியலெட்சுமி என்றொரு பெண் வருவாள். அவளுடைய கணவன் இராமர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. 2006 ஐப்பசியில் அவனைப் பிடித்தார்கள். அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும். பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டுதான் கதைப்பார். எட்டு மாதமாக அவள் அழுதாளே தவிர வாக்குமூலம் கொடுக்கப் பயந்தாள். கடைசியில் ஒருநாள் சொன்னாள். நான்தான் பதிந்தேன்.

"எங்க லயத்து வீட்டு ஆம்பளைங்க எல்லாத்தையும் ரோட்டுல வரிசையா நிக்க வச்சாங்கம்மா. ஜீப்புல ஒருத்தன். மூஞ்சியில சாக்கு. ஒவ்வொருத்தரா அவன் முன்னாடி போகணும். எங்க வீட்டுக்காரரு போனப்ப அவன் தலைய ஆட்டிட்டான்."

"முகம் தெரியேல்லையே?" என்று கேட்டேன்.

"மூஞ்சி எங்கம்மா தெரியும்? காலுதான் தெரிஞ்சிச்சு. ரப்பர் செருப்பு. வலது காலுல சுண்டுவிரலு இல்ல. அந்தக் கால நான் எங்க பாத்தாலும் சொல்லுவேன்."

தலையாட்டி என்பது எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லாத சொல். புதிதாக வாசிப்பவருக்காகச் சொல்கிறேன். பிடிபட்ட ஒருவனை அடித்து வழிக்குக் கொண்டுவந்து, முகத்தை மூடி வாகனத்தில் இருத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவர் போகவேண்டியதுதான். எங்கள் சனம் பிடித்தவனை மறந்தாலும் தலையாட்டியை மறக்காது.

என் தம்பிக்கு வலது காலில் சுண்டுவிரல் இல்லை. அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது சைக்கிள் கம்பிக்குள் கால் போய்விட்டது. சைக்கிளை ஓட்டியது நான்.

அவள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் பதிந்தேன். அப்போது நான் நேர்மையாகத்தான் இருந்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். அடையாளம் என்ற கட்டத்தில் "வலது கால் சுண்டுவிரல் இல்லை" என்று எழுதினேன். அம்மா தம்பியைப்பற்றிக் கொடுத்த பதிவிலும் அதே கட்டத்தில் அதே சொற்கள் இருந்தன. அதையும் எழுதியது நான்தான். இரண்டு பதிவுக்கும் நடுவில் சில நூறு பதிவுகள் கிடந்தன. எங்கள் தேடலில் அப்போது அடையாளத்தை வைத்துத் தேட வழியில்லை. அதனால் அவை ஒன்றையொன்று அறியாமல் கிடக்கும் என்று நினைத்தேன்.

2008 தொடக்கத்தில் யேசுரட்ணம் அண்ணைக்கு ஒரு கவலை பிடித்தது.

"இஞ்ச பார் பிள்ளை, ரெண்டு பிரதி வைச்சிருக்கிறம் எண்டு பெருமை அடிக்கிறம். ரெண்டு கொம்பியூட்டரும் ஒரே மேசையில. வாறவன் ஒண்டைத் தூக்கிக்கொண்டு மற்றதை எங்களுக்கெண்டு விட்டிட்டுப் போவானோ? பிறிஜெற் நகையை ரெண்டு பெட்டியில பிரிச்சு வைச்சிட்டு ரெண்டையும் ஒரே அலுமாரியில பூட்டுற கதைதான்."

மூன்று இடத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தையில் என் வீடு, நுகேகொடையில் அண்ணையின் சிங்கள நண்பர் ஒருவரின் மாடி அறை. ஓரிடத்தில் பதிந்தால் மற்ற இரண்டு இடத்துக்கும் தானே பிரதி போகவேண்டும். எந்த இடத்திலிருந்து தேடினாலும் எல்லாம் கிடைக்க வேண்டும். மாற்றுகிற வேலையை என்னிடம் தந்தார். நுகேகொடைப் பக்கத்தை மட்டும் தான் பார்ப்பதாகச் சொல்லி, ஒவ்வொரு புதன்கிழமையும் அங்கே போவார்.

இந்த மாதிரித் தொகுதிகளில் ஒரு குணம் இருக்கிறது. ஒரு பொதி எந்த விதியின்கீழ் பிறந்ததோ அந்த விதியையே கடைசிவரை வைத்திருக்கும். தொகுதியை மூன்று இடத்துக்கென்று மாற்றிய பிறகு பிறக்கிற பொதிகள் மூன்று இடத்துக்கும் போகும். முந்தியவை "இரண்டு பிரதி, ஓரிடம்" என்ற பழைய விதியோடு பழைய இடத்திலேயே இருக்கும். அவற்றையும் அனுப்ப வேண்டுமானால் அமைப்பில் ஒரு வரி சேர்க்கவேண்டும். சேர்த்தால் எங்கள் இணைப்பின் வேகத்துக்குப் பதினொரு நாள் ஓடும். கைநூலில் அது ஒரு சின்னப் பந்தி. நான் வாசித்தேன். அண்ணை அந்தப் பக்கம் வரவில்லை, என்னை நம்பியதால்.

அந்த வரியைச் சேர்க்க இருந்தேன். உண்மையாகவே இருந்தேன். மாற்றுகிற அன்று காலை அண்ணை வந்து சொன்னார்:

"மூண்டு இடத்திலயும் ஏறினவுடன அடையாளத்தை வைச்சு ஒருக்கா முழுக்கத் தேடுவம் பிள்ளை. அதுக்கெண்டு எழுதி வைச்சிட்டன். கரையொதுங்கின உடம்புகளின்ர குறிப்பு கொஞ்சம் கையில கிடைச்சிருக்கு. தழும்பு, பல்லு, விரல், எது ஒத்துவந்தாலும் சேத்துக் காட்டும். குறைஞ்சது கொஞ்சப் பேருக்காவது முடிவு சொல்லலாம்."

நல்ல யோசனை என்று சொன்னேன். நல்ல யோசனைதான். பிறகு மாற்றத்தைச் செய்தேன். அந்த ஒரு வரியைச் சேர்க்கவில்லை.

அன்று பின்னேரம் அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "பழசும் போகுதோ?" என்று கேட்டார். நான் பொதிகளின் நிலை சொல்லும் திரையைக் காட்டினேன். எல்லாம் பச்சை. அது பொய்யான பச்சை இல்லை. ஒவ்வொரு பொதியும் தன் தன் விதியை நிறைவேற்றியிருந்தால் திரை பச்சை காட்டும். பழையவை தங்கள் விதிப்படி ஓரிடத்தில், கொட்டாஞ்சேனை மேசையில் மட்டும், இரண்டாக இருந்தன. அண்ணை கையை உயர்த்திச் சிலுவை போட்டுக்கொண்டார். "இனி ஒருத்தனும் அழிக்கேலாது" என்றார்.

ஆயிரத்து முந்நூறு பதிவுகள் அந்தப் பழைய பொதிகளில் இருந்தன. தம்பியின் பதிவும் பாக்கியலெட்சுமியின் பதிவும் அதற்குள். எனக்கு வேண்டியது இரண்டுதான். ஒரு பொதிக்குள் இருந்து ஒன்றை மட்டும் எடுக்க முடியாதபடி அதை அமைத்தது நான் இல்லை.

தேடலை ஓடவிடாமல் ஐந்து கிழமை இழுத்தேன். பிரதி இன்னும் போய் முடியவில்லை, இப்போது தேடினால் இணைப்பு தாங்காது என்று சொன்னேன். அண்ணை பொறுத்தார். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, "வெள்ளிக்கிழமை கட்டாயம் ஓட்டுவம், இனிச் சாட்டுச் சொல்லாதை" என்று சிரித்தார்.

அடுத்த நாள் புதன். அண்ணை நுகேகொடைக்குப் போகிற நாள். அதைப் பார்த்துத்தான் புதனைத் தெரிந்தெடுத்தேன். பத்துமணிக்குக் காலி வீதியில், எனக்குப் பழக்கமில்லாத ஒரு தொலைபேசிக் கடைக்குப் போய், சந்தேகமானதைக் கண்டால் சொல்லுங்கள் என்று ஊரெல்லாம் ஒட்டியிருந்த இலக்கத்துக்கு அடித்தேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கொட்டாஞ்சேனையில் இந்த வீதியில், தையற்கடைக்கு மேலே, இரண்டு கணினி இருக்கிறது, ஆட்களின் பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்றேன். பெயர் ஒன்றும் சொல்லவில்லை. கணினிகளைக் கொண்டுபோனாலும் பொதிகள் பூட்டியிருக்கின்றன, சாட்சிகள் ஒருவருக்கும் ஆபத்து வராது என்பதை முதலிலேயே யோசித்திருந்தேன். அப்படி யோசிக்காமல் செய்கிற ஆள் நான் இல்லை.

பதினொன்றரைக்கு வந்தார்கள். இரண்டு கணினியையும் தூக்கினார்கள். அங்கே இருந்த யேசுரட்ணம் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கடவுச்சொல் தெரிந்தவர் என்பதை எப்படியோ அறிந்திருப்பார்கள், அல்லது கேட்டால் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அவர் சொல்லவில்லை. அதற்கு நான் சாட்சி. அந்தப் பழைய பொதிகளில் இருந்த ஒருவரையும் தேடி யாரும் போகவில்லை. எத்தனை நாள் கேட்டார்களோ தெரியாது, அவர் அதை வெளியே விடவில்லை. பெரிய மனிதர்.

குழு உடைந்துவிடவில்லை. வெள்ளவத்தையில் என் வீட்டில் தொடர்ந்தோம். மூன்று இடத்திலும் எல்லாம் இருக்கிறது என்று நம்பியிருந்தவர்களிடம், பழையவை போய்ச் சேரவில்லை, இணைப்பு ஏமாற்றிவிட்டது என்று சொன்னேன். அண்ணையின் பிழையாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்படி இல்லை என்று நான் மறுத்தேன். அவரைக் குறை சொல்ல ஒருவரையும் விடவில்லை. குடும்பங்களைத் திரும்ப வந்து சொல்லச் சொன்னோம். ஆயிரத்து முந்நூறில் இருநூறு பேர்கூட வரவில்லை. சிலர் ஊர் போனார்கள், சிலர் வெளிநாடு, சிலருக்கு இரண்டாம் முறை சொல்லப் பயம். கரையொதுங்கிய உடம்புகளின் குறிப்போடு பிறகு நாங்கள் ஒத்துப் பார்த்ததில் நான்கு பேர்தான் பொருந்தினார்கள். எல்லாம் இருந்திருந்தால் எத்தனை என்று கேட்கிறீர்கள். நான் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

பாக்கியலெட்சுமி வந்தாள். அம்மா அவளைப் பக்கத்தில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு என் முன்னால் இருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். காலைப்பற்றியும் சொன்னாள். அந்த இடத்தில் நான் விசைகளின்மேல் விரல்களை வைத்து அழுத்தாமல் அசைத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டியபோது அந்த வரியைச் சேர்த்து வாசித்தேன். "அப்படித்தாம்மா" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள்.

அம்மா கடைசிவரை வாங்கின் முதல் இடத்தில்தான் இருந்தார். அவருடைய மரணச் சடங்குக்குப் பாக்கியலெட்சுமி இரண்டு பஸ் மாறி வந்தாள்.

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். புதன்கிழமையைப்பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிட்டு எழுதினால் ஒப்புதல் ஆகாது.

நான் தொலைபேசிக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில், பத்தரையளவில், யேசுரட்ணம் அண்ணை எனக்கு அடித்தார்.

"பிள்ளை, நுகேகொடைக்குப் போகேலாமப் போச்சு. பஸ்ஸை நிப்பாட்டி எல்லாரையும் இறக்கிச் செக் பண்ணுறாங்கள். திரும்பிக் கொட்டாஞ்சேனைக்கு வந்திட்டன்."

"அப்ப வீட்டை போங்கோவன் அண்ணை" என்று சொன்னேன். அதை நான் சொன்னேன். முதலில் அதைத்தான் சொன்னேன்.

"போவம் எண்டுதான் நினைச்சன். ஒண்டு மனசுக்குள்ள கிடந்து அரிக்குது. அண்டைக்குக் கொம்மா தம்பியைப்பற்றிக் கதைக்கேக்க கால்விரல் ஒண்டு சொன்னவ என்ன? அந்தச் சின்னவிரல் கதை வேற ஒரு வாக்குமூலத்திலயும் வாசிச்ச மாதிரி இருக்கு. ஆரின்ர எண்டு நினைவு வரேல்லை. நாட்டாமை ஒருத்தன்ர பெண்சாதியோ... தம்பியை ஆரும் எங்கையாவது கண்டிருக்கலாம் பிள்ளை. நல்ல செய்தியாயும் இருக்கலாம்."

அவர் குரலில் சந்தோசம் இருந்தது. எனக்காகச் சந்தோசப்பட்டார்.

மேசையில் இருந்த இரண்டையும் தவிர இன்னொரு பிரதி இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. முப்பது வருசம் கணக்குப் படிப்பித்த தலை. அரைமணித்தியாலம் பொறுத்தால் தேடாமலே கண்டுபிடித்துவிடும்.

"அண்ணை, அங்கையே இருங்கோ. நான் இப்ப வாறன். ரெண்டு பேருமாத் தேடுவம்" என்று சொன்னேன்.

"வா, வா. பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார்.

நான் போகவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு அம்மாவுக்கு மத்தியானச் சமையலுக்கு மரக்கறி வெட்டிக் கொடுத்தேன்.

ஆனி மாதம் பிறிஜெற் அக்கா வந்தார். கணவனைப்பற்றிப் பதிவு கொடுக்க. முப்பது வருசமும் அவரைக் கேலி செய்த வாய் அன்று மெல்லத்தான் கதைத்தது. உயரம், உடுப்பு, கண்ணாடி, இடது கன்னத்தில் மச்சம் எல்லாம் கேட்டுப் பதிந்தேன். கடைசியாக யாரோடு கதைத்தார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதையும் கேட்டேன், கேட்கவேண்டியது விதி.

"கீழ தையற்கடை வைச்சிருக்கிற பீபி சொன்னவ, மலர். சனம் ஒரு மாதிரி ஓடுது, இறங்கி வாங்கோ மாஸ்டர் எண்டு அவ படியில நிண்டு கூப்பிட்டவவாம். இவர், 'ஒரு ஆள் வாறன் எண்டு சொன்னது, அது வந்து என்னைக் காணாட்டிப் பயந்திடும்' எண்டாராம். ஆர் அந்த ஆள் எண்டு உமக்கு ஏதும் தெரியுமே?"

தெரியாது என்று சொன்னேன். கட்டத்திலும் அப்படியே பதிந்தேன். பிறிஜெற் அக்கா என் கையைப் பிடித்து, நீர் இல்லாட்டி இவரின்ர பேரும் இல்லாமல் போயிருக்கும் என்றார்.

அவர் போனபிறகும் நான் எழும்பவில்லை. பதிவு கொட்டாஞ்சேனைக்குப் பதிலாகப் போட்ட புதுக் கணினியிலும், வெள்ளவத்தையிலும், நுகேகொடையிலும் ஏறி, மூன்றும் பச்சை காட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது புது விதியில் பிறந்த பொதி. யார் வந்து எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் யேசுரட்ணம் அண்ணையின் பெயர் அழியாது. அவருக்கு நான் செய்யவேண்டிய கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை.